மாத்திரைக்கு என்ன தெரியும்

"ஜி… எல்… ஐ… எம்…" பூவாயி மாத்திரை அட்டையின் பின்பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து, கண்ணை இடுக்கி, ஒவ்வோர் எழுத்தையும் நகத்தால் தொட்டு வாசிக்கிறார். பெரிதாக அச்சிட்ட கம்பெனிப் பெயரை அவர் மதிப்பதே இல்லை. "அது மேல போட்ட சட்ட, தம்பி. உள்ள கீற ஆளு யாருன்னு பொடி எழுத்துலதான் போட்டுகினு இருப்பான்."

கருங்குழியில் தனியாக இருக்கும் என் அப்பாவுக்குச் சமைப்பவர் அவர். வயது ஐம்பத்திரண்டு, படிப்பு ஐந்தாம் வகுப்பு. ரசத்தில் பெருங்காயத்தை அள்ளிப் போடுவார். கைபேசியைக் காதில் வைக்காமல் வாய்க்கு நேரே பிடித்துக் கத்துவார். தெருவில் யார் மருந்துக்கடைக்குப் போய் வந்தாலும், அட்டை முதலில் அவர் கைக்குத்தான் வரும்.

ஆங்கில எழுத்துகளை அவர் கற்றதே இந்த அட்டைகளில்தான். கணவர் சம்பத் போன பிறகு. காய்ச்சலில் கிடந்த சம்பத், காய்ச்சல் மாத்திரை என்று நினைத்துத் தன் சர்க்கரை மாத்திரையை, சோறு இறங்காத வயிற்றில் மூன்று வேளையும் போட்டிருக்கிறார். மயங்கியவர் எழவில்லை. "ரெண்டும் வெள்ள, ரெண்டும் ரவுண்டு. இங்கிலீசு படிக்கத் தெரிஞ்சவங்க வூட்ல ஒருத்தரும் இல்ல."

நான் மெல்போர்னில் இருக்கிறேன். அப்பா போனை எடுக்கக் கொஞ்சம் தாமதித்தாலே பூவாயியைக் கூப்பிட்டுவிடுவேன். படிப்பு கூடக்கூட மரண அபாயம் குறைகிறது என்று எங்காவது வாசித்தால் மட்டும் சற்று ஆறுதல். அப்பா வேதியியலில் முதுகலை. முப்பது வருடம் பாடம் நடத்தியவர்.

சென்ற மாதம் அவர் செங்கல்பட்டில் புது டாக்டரைப் பார்த்துப் புது மாத்திரை வாங்கிவந்தார். சர்க்கரைக்குத் தான் ஏற்கெனவே போடும் மாத்திரையைப் பற்றிச் சொல்லவில்லை. தனக்குத் தெரியாதா என்கிற தெம்பு. அடுத்த இரண்டு நாளும் கை நடுக்கம், வியர்வை. வயசு என்று சொல்லிவிட்டார். மூன்றாம் நாள் காலை பூவாயி என்னை வீடியோவில் அழைத்தார்.

"தம்பி, பழைய அட்டையிலயும் ஜி எல் ஐ எம். புதுசுலயும் அதான். சாரு ரெண்டையும் முழுங்கிகினு கீறாரு."

"நான் எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி, பூவாயி. பேரே வேற. கொடு இப்படி," என்றார் அப்பா, பின்னாலிருந்து.

பூவாயி மாத்திரைகளை உள்ளங்கையில் மூடிக்கொண்டார். "டாக்டராண்ட கேளுங்க, அப்பால தரேன். எங்கூட்டுக்காரரு மூணாங்கிளாஸு, சாரு எம்மெஸ்ஸி. மாத்திரைக்கு அது இன்னா தெரியும்?"

நான் செங்கல்பட்டு டாக்டரையும் அதே அழைப்பில் இணைத்தேன். பூவாயி இரண்டு அட்டைகளையும் காட்டினார்.

"இன்னிக்குப் போட்டாச்சா?" என்று டாக்டர் அவசரமாகக் கேட்டார்.

"இல்ல சார். எங்கையில கீது."

"நல்ல வேளை. ரெண்டும் ஒரே மருந்து, சர்க்கரை ரொம்ப இறங்கியிருக்கும். பழசை நிறுத்துங்க. முதல்ல சர்க்கரை கரைச்சுக் குடுங்க. இன்னும் ஒரு நாள் போயிருந்தா ஆளே விழுந்திருப்பார்."

அப்பா சர்க்கரைத் தண்ணீரை ஒரு மூச்சில் குடித்தார். "அக்கா…" என்று ஆரம்பித்தேன்.

"அய்ய, வுடு தம்பி. இன்னும் நாலு அட்ட கீது, பாக்கணும்."

அவர் அடுத்த அட்டையை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தார். எழுத்து பிடிபடவில்லை போலும். அட்டையை முகத்தருகே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார். அப்பா தம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியால் இரண்டு பக்கமும் துடைத்து, அவரிடம் நீட்டினார்.