தங்கைக்கு ஏடிஎம் கார்டு

இன்று தங்கைக்குக் கணக்குத் திறக்க உம்மாவும் நானும் அவளை வங்கிக்கு அழைத்துப் போனோம். அவளுக்குப் பதின்மூன்று வயது. இரண்டு வருடப் பெருநாள் காசு கையில்.

கார்டு வாங்குவதா, பாஸ்புக் போதுமா என்று வீட்டில் ஒரு வாரமாக விவாதம். கார்டுக்காக வாதாடியவன் நான், அவளுடைய காக்கா, அதாவது அண்ணன். தனிமனித சுதந்திரம் பற்றியெல்லாம் பேசினேன்.

அதிகாரி அவளிடமே கேட்டார்.

"கார்டு வேணுமாம்மா?"

"வேணாம் சார். கார்டுன்னா எங்க காக்கா வாங்கிட்டுப் போயிரும்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு உம்மாவிடம், "அண்ணன் என்ன பண்றாப்ல?"

"எம்.ஏ. முடிச்சிட்டு யோசிச்சுக்கிட்டு இருக்கு."

அவர் படிவத்தில் கார்டு என்ற கட்டத்தைக் கோடு போட்டு அடித்துவிட்டார்.

ஏடிஎம் பின் நம்பராக நான் பிறந்த வருடத்தை வைத்தால் மறக்காது என்று பஸ்ஸில் அவளுக்குச் சொல்லியிருந்தேன்.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்குக் கணக்குத் திறக்க ஆலோசனை வேண்டுமா? கேளுங்கள், ஓய்வாகத்தான் இருக்கிறேன்.