சந்தனம் பூசிய தையல் மிஷின்

சிறு வயதில் கப்பல் என்றாலே எனக்கு ஆகாது. நாகப்பட்டினம் போகிற கப்பல் பினாங்குத் துறைமுகத்தில் ஊதினால், தின்றுகொண்டிருக்கும் சோற்றை அப்படியே வைத்துவிட்டு அம்மாவின் பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்வேன். எல்லாம் எங்கள் வீட்டுத் தையல் மிஷினால் வந்த பயம்.

அப்பா சூலியா தெருவில் ஒரு தையல்கடையில் வேலை பார்த்தார். கையால் தைத்த காலத்தில் அவர் சம்பாத்தியம் மூன்று வயிற்றுக்கு எட்டவில்லை. அம்மாவையும் என்னையும் ஊருக்கு அனுப்பிவிட்டுக் கடையிலேயே படுத்துக்கொள்ளலாம் என்று அவர் தீர்மானித்திருந்த சமயத்தில், முதலாளி புது மிஷின்கள் வாங்கினார். பழைய கால்மிஷின் ஒன்றை வீட்டில் வைத்துத் தைக்கும்படி அப்பாவிடம் கொடுத்தார். ஓடுகிறவரை வைத்துக்கொள், நின்றுவிட்டால் திருப்பிக் கொண்டுவா என்றாராம். அப்பாவுக்குக் கடையில் துணி வெட்டுகிற வேலை இருந்ததால், மிஷினில் அம்மா உட்கார்ந்தாள்.

ஆக, மிஷின் ஓடினால் நாங்கள் அப்பாவோடு இருப்போம். நின்றால் கப்பல். இதை யாரும் என்னைக் கூப்பிட்டுச் சொல்லவில்லை. ஒரே அறையில் குடியிருக்கும் வீட்டில் பிள்ளைகளுக்குத் தெரியாதது என்ன இருக்கிறது?

அம்மாவின் கால் பெடலைவிட்டு இறங்குவது குறைந்தது. அப்பா விடியலில் சோறு வடித்து, எனக்குத் தலை வாரிவிட்டு, அதன்பிறகு கடைக்குப் போனார். அடுத்த அறையில் இருந்த துறைமுகக் கூலிக்காரர் இதைச் சும்மா விடமாட்டார். “என்னண்ணே, அண்ணிக்குக் கொழம்பு வெச்சாச்சா? உப்பு பாத்தீங்களா?” என்பார். அப்பா கரண்டியோடு சிரித்துச் சமாளிப்பார். நானோ கீழே அஞ்சடி நடைபாதையில் விளையாடும்போதும் காதை மாடியில் எங்கள் அறையில் வைத்திருப்பேன். சத்தம் நின்றால் ஓடிப்போய்ப் பார்ப்பேன். “நூலுதாண்டா அறுந்துச்சு, போய் வெளையாடு” என்பாள் அம்மா.

ஊரில் எனக்கு ஓர் அக்கா உண்டு. நான் பார்த்த நினைவே இல்லை. நான் கைக்குழந்தையாக இருந்தபோது நாங்கள் கப்பலேற வந்த இடத்தில் அவளுக்கு அம்மை போட்டிருக்கிறது. அவளை ஏற்றமாட்டோம் என்று சொல்லிவிட்டதால் பெரியம்மாவிடம் விட்டுவிட்டு வந்தார்கள். துண்டுத்துணி மிஞ்சினால் அம்மா அவளுக்குப் பாவாடை தைப்பாள். இப்போது எவ்வளவு உயரம் இருப்பாள் என்று தெரியாததால் எல்லாவற்றையும் பெரியதாகவே தைத்துப் பெட்டியில் வைப்பாள். போய்க் கூட்டிவரலாமா என்று அம்மா கேட்கும்போதெல்லாம் அப்பா, இந்தத் தையல் மூட்டை முடியட்டும் என்பார். ஒன்று முடியுமுன் கடையிலிருந்து அடுத்த மூட்டை வந்துவிடும்.

அந்த வருடம் சரஸ்வதி பூஜைக்கு அம்மா மிஷினைத் துடைத்து, பொட்டு வைத்து, பூச்சரம் சுற்றினாள். தினமும் காலையில் மிஷின் எண்ணெயைத் துவாரத்துக்கு ஒரு சொட்டாக எண்ணி விடுகிறவள், அன்று விளக்குக்கு வைத்திருந்த நல்லெண்ணெயை எடுத்து எல்லாத் துவாரங்களிலும் வழிய வழிய ஊற்றினாள். அதன் மேல் சந்தனத்தைக் குழைத்து அப்பினாள். சாமிக்குச் செய்கிற அபிஷேகம் மாதிரி இருந்தது. நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

விஜயதசமி காலையில் பெடல் அசையவில்லை.

“என்னங்க, மிசினு ஓடல” என்றாள் அம்மா, சோறு ஆகிவிட்டது என்று சொல்கிற குரலில்.

அப்பா மிதித்துப் பார்த்தார், சக்கரத்தை இரண்டு கையாலும் திருகிப் பார்த்தார். துவாரத்தில் விரலை வைத்து முகர்ந்தார். “நல்லெண்ணெயா ஊத்துன? சந்தனமும் உள்ள எறங்கி அப்பிக்கிடக்கு. இத்தன நாளு மிசினுல இருக்கிறவ செய்யிற வேலையா இது?”

“சீயக்காயும் தேச்சுவிட்டிருக்கலாம்ண்ணே” என்றார் பக்கத்து அறைக்காரர். அன்று அப்பா சிரிக்கவில்லை. முதலாளியிடம் சொல்லிவிட வேண்டியதுதான், அடுத்த கப்பலுக்குத் தயாராகுங்கள் என்றார்.

நான் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். அம்மா கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்துத் தூசி தட்டினாள். பாவாடைகளை ஒவ்வொன்றாக விரித்து, உதறி, மடித்தாள். பயம் வந்தால் சிலர் வேலை செய்துகொண்டே இருப்பார்கள், அம்மாவும் அப்படித்தான் என்று நினைத்தேன்.

என் அழுகை அப்பாவை என்னமோ செய்திருக்க வேண்டும். முதலாளியிடம் போகாமல், மிஷின் பழுது பார்க்கும், அப்பேக் என்று எல்லாரும் கூப்பிடும் சீனக் கிழவர் ஒருவரை அழைத்துவந்தார். அவர் மிஷினைக் கவிழ்த்து, ஒவ்வொரு சாமானாகக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்தார். கறுத்த களிம்பு திரண்டு வந்தது. எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டு பக்கத்திலேயே குந்தியிருந்தேன். மத்தியானம் அவர் எல்லாவற்றையும் பூட்டி, காலை வைத்து மிதித்தார். மிஷின் முன்னைவிடச் சத்தமில்லாமல் ஓடியது.

அம்மாவுக்கு மலாய் வராது. “அப்பேக்கிட்ட கேளுடா, இன்னும் எத்தன வருசம் ஓடும்னு” என்றாள் என்னிடம்.

கேட்டேன். கிழவர் மிஷினைத் தட்டிக்கொடுத்துச் சிரித்தார். “லாமா லா. அனாக் காவின், மசே ஜாலான்.”

“ரொம்ப நாளைக்காம்மா. புள்ளைக்குக் கல்யாணம் ஆனாலும் ஓடிக்கிட்டே இருக்குமாம்” என்று கத்தினேன்.

அப்பா நிம்மதியாக மூச்சுவிட்டு, அன்றைய மூட்டையை அவிழ்த்தார். அம்மா முக்காலியில் உட்கார்ந்து, காலைப் பெடலில் வைத்தாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. “இனிமே நாம கப்பல்ல போகவே வேணாம்மா” என்று அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

“வேணாம்டா” என்றாள்.

சந்தோஷத்திலும் மனிதர்களுக்கு அழுகை வரும் என்று எங்கோ கேட்டிருந்தேன். அதை அன்றுதான் நேரில் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, சிரித்தபடியே அவள் முகத்தைத் துடைத்துவிட்டேன்.