நாக்குக்கு அடியில் மாத்திரை, தட்டில் பூவும் பழமும்

என் முதல் வீடியோ நோயாளி மாத்திரையை விழுங்கிவிட்டார்.

விழுங்குவதற்குத்தானே மாத்திரை என்று கேட்பீர்கள். இது அப்படிப்பட்டது அல்ல. நாக்குக்கு அடியில் வைத்து, கரையும்வரை வாயை மூடிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். பத்து நிமிடம்போல ஆகும். அதுவரை பேசக் கூடாது. வயிற்றுக்குள் போனால் வீண். வலி மாத்திரைக்கு அடிமையானவர்களுக்குக் கொடுக்கும் மருந்து இது. இதைக் கொடுத்தால் உடம்பு முறுக்கலும் கொட்டாவியும் மூக்கொழுகலும் அடங்கும். பழைய மாத்திரையைத் தேடி ஓடத் தோன்றாது.

செஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு துணை சுகாதார நிலையத்தில் நான் நர்ஸ். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். நான் நர்சிங் முடித்த போட்டோவை நைனா வீட்டுக்கு வெளியே, தெருவைப் பார்த்து மாட்டியிருக்கிறார். மழையில் நனைந்தால் துடைத்துவிட்டு மறுபடி அங்கேயே மாட்டுவார். "உள்ள மாட்டினா யாரு பாக்குறது?" என்பார். அதில் எனக்கும் ஆட்சேபணை இல்லை.

புதிதாக இந்த வேலைக்கு வரும் தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். நோயாளியும் அவர் அம்மாவும் எழுதச் சம்மதித்தார்கள். பெயர்களை மாற்றியிருக்கிறேன். "மாத்துறதுதான் மாத்துற, நல்லா சினிமாக்காரி பேரா வையி" என்றார் அம்மா. அஞ்சலை என்று வைத்துவிட்டேன். மன்னிப்பாராக.

1. காசியின் வாய்

காசி நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறவர். முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. இடுப்பு வலிக்கு என்று கூடத் தூக்குகிற ஒருவர் கொடுத்த மாத்திரை, வலி போன பிறகும் அவரை விடவில்லை. ஒன்று இரண்டானது, இரண்டு நாலானது. மாத்திரை போடாமல் ஒரு மூட்டைகூடத் தூக்க முடியாது என்றானபோதுதான் எங்களிடம் வந்தார்.

முதல் தடவை விழுப்புரம் போய் டாக்டர் நிவேதாவை நேரில் பார்த்தார். தினமும் போவதென்றால் பாதி நாள் பஸ்ஸிலேயே போய்விடும், வேலையும் போய்விடும். அதனால் மருந்து எங்கள் அலமாரியில் பூட்டியிருக்கும், நான் எடுத்துக் கொடுப்பேன், மேடம் வீடியோவில் பார்ப்பார். நல்ல ஏற்பாடு. அதில் ஒரே குறை காசியின் வாய்.

மண்டியில் காசி பக்கத்தில் இருந்தால் மூட்டையின் கனம் தெரியாது என்பார்கள். அவ்வளவு பேச்சு. முதல் நாள் மாத்திரையை வைத்ததும் மேடம், "இனிமே பேசாதீங்க காசி" என்றார்.

"சரிங்க மேடம், பேச மாட்டேங்க" என்றார் காசி. மாத்திரை உள்ளே போய்விட்டது.

மறுநாள் மேடம் ஒன்றும் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினார். காசிக்கு அது பொறுக்கவில்லை. "இன்னா மேடம், எம்மேல கோவமா?" அதுவும் போயிற்று.

மூன்றாம் நாள் வாயில் தண்ணீர் வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளச் சொன்னேன். நடுவில் ஓர் ஆடு வந்தது. காசி ஆட்டைக் காட்டினார். என் காலைக் காட்டினார். கையை உதறினார், கண்ணை உருட்டினார். நானோ மருந்து ஒத்துக்கொள்ளவில்லையோ என்று பயந்து அவர் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கரைந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "சிஸ்டர், உங்க செருப்பு!" நான் கழற்றி வைத்திருந்த செருப்பில் வாரே இல்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தச் செருப்பையும் இழந்ததில்லை.

2. பாறை

நிலையத்துக்குள் சிக்னல் கிடையாது. செஞ்சியில் பாறைக்குப் பஞ்சமில்லை, சிக்னலுக்குத்தான் பஞ்சம். கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரு பாறைமேல் ஏறினால் மட்டும் மேடத்தின் முகம் உடையாமல் தெரிந்தது.

யார் என்ன சிகிச்சை எடுக்கிறார் என்பது வெளியே தெரியவே கூடாது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அந்தப் பாறையோ பஸ் ஸ்டாப்பிலிருந்து தெரியும், ரேஷன் கடை வரிசையிலிருந்து தெரியும். காசி தினமும் காலையில் பாறைமேல் உட்கார்ந்து, போனில் ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்தபடி, வாயே திறக்காமல் இருப்பதை ஊரே பார்த்தது. பேசாத காசியை அந்த ஊர் அதுவரை கண்டதில்லை.

இதற்கிடையில் மருந்து வேலை செய்ய ஆரம்பித்தது. காசி தினமும் குளித்தார். தலைக்கு எண்ணெய் வைத்தார். வீட்டில் இரண்டாம் தடவை சோறு கேட்டார். சட்டையை இஸ்திரி போட்டார். நான் இதையெல்லாம் குணமாவதன் அறிகுறி என்று மேடத்திடம் பெருமையாகச் சொன்னேன்.

அஞ்சலையம்மாவும் அதே அறிகுறிகளைப் பார்த்தார். அவர் வேறு நோயைக் கண்டுபிடித்தார்.

ஒரு நாள் என்னை வழிமறித்து, "ஏம்மா நர்சம்மா, எம் புள்ள போன்ல பாக்குதே, அந்தப் பொண்ணு யாரு?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன். அதைத்தான் சொல்ல முடியும்.

"தெரியாதுன்றவளுக்குத்தான் எல்லாம் தெரியும்" என்று என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார்.

3. மேடத்தின் நிபந்தனை

அறுவடை தொடங்கியது. மண்டியில் விடியும் முன்பே லாரி வந்து நிற்கும். மேஸ்திரி காசியிடம், "தினமும் லேட்டா வந்தீன்னா மூட்டை தூக்குற செட்ல உன் எடத்துக்கு வேற ஆளப் போட்டுடுவேன்" என்று சொல்லிவிட்டார். நிலையம் திறக்கும்வரை காத்திருந்தால் வேலை போய்விடும். வேலைக்குப் போனால் மருந்து தவறும். மருந்து தவறினால் சாயங்காலமே பழைய மாத்திரை கையில் இருக்கும். இது காசிக்கே தெரியும்.

மேடம் ஒரு வழி சொன்னார். "ஒரு வாரத்துக்கான மாத்திரைய வீட்டுக்கே குடுத்துடலாம். ஆனா வீட்ல ஒருத்தருக்கு விஷயம் தெரியணும். அவங்க வாங்கி வெச்சு, தினமும் கூட இருந்து பாக்கணும்."

"வீட்ல அம்மா மட்டுந்தாங்க மேடம்."

"அம்மாகிட்ட சொல்லுங்க."

"ஊர்ல குடிக்கிறவனையெல்லாம் காட்டி, எம் புள்ள ஒரு பீடிகூடத் தொடாதுன்னு பேசிட்டு இருக்குதுங்க அது. எப்படிங்க சொல்றது?" காசி தலையைக் குனிந்துகொண்டார். "வேலை போனா போவட்டும்."

நான் போய்ச் சொல்லிவிட்டால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் அது என் வாயிலிருந்து வரக் கூடாத விஷயம். வெள்ளிக்கிழமைவரை யோசிக்கச் சொன்னார் மேடம்.

4. வெள்ளிக்கிழமை

காசி அன்றைக்கும் முடிவு எதையும் சொல்லவில்லை. மாத்திரையை வைத்துக்கொண்டு பாறைமேல் உட்கார்ந்தார். போனை நான் பிடித்திருந்தேன். மாத்திரை பாதிகூடக் கரைந்திருக்காது. பாறைக்குக் கீழே கொலுசுச் சத்தம்.

அஞ்சலையம்மா பட்டுப்புடவையில் ஏறி வந்தார். பின்னால் அவருடைய அக்கா, கையில் தாம்பூலத் தட்டு. தட்டில் வெற்றிலை பாக்கு, ஒரு முழம் மல்லி, வாழைப்பழம், ஆப்பிள்.

"அம்மா, கொஞ்சம் கீழ இருங்க. அஞ்சு நிமிஷம்" என்று நான் குறுக்கே நின்றேன்.

"அஞ்சு நிமிஷத்துல நல்ல நேரம் முடிஞ்சுடும். நவுரு." என்னைத் தள்ளிவிட்டு முகத்தை போனுக்குள் நுழைத்தார். "வணக்கம்மா. நான்தான் காசியோட அம்மா."

மேடம் திகைத்துப்போனார். இணைப்பைத் துண்டித்தால் அன்றைய மருந்து பார்த்துக் கொடுத்ததாக ஆகாது. அதனால் அவர் கண் மட்டும் காசியின் வாயைவிட்டு நகரவே இல்லை.

"பாத்தியாடி, பொண்ணு கண்ணெடுக்காம பாக்குது. அதுவும் வாயையே பாக்குது" என்று அக்கா முகவாயில் கைவைத்தார்.

காசி இரண்டு கையையும் விரித்து ஆட்டினார். வாயைக் காட்டினார், என்னைக் காட்டினார், கும்பிட்டார்.

"வெக்கத்துல வாயே தொறக்க மாட்டேன்றான் பாருக்கா! இவனா இது! ஏம்மா, உம் பேரு இன்னா?"

"நிவேதா" என்றார் மேடம் மெதுவாக.

"வேலைக்குப் போறியா?"

"போறேம்மா."

"நல்லது. இவன் மூட்டைதாம்மா தூக்குறான், ஆனா தங்கமான புள்ள. எங்களுக்கு ஒண்ணும் வேணாம். கட்டுன பொடவையோட வந்தா போதும்."

நான் காசியைப் பார்த்தேன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் இந்தக் கூத்து முடிந்துவிடும். அன்றைய மருந்தும் முடிந்துவிடும். கண்ணில் தண்ணீர் முட்ட, காசி உதட்டை இன்னும் இறுக்கிக்கொண்டார். மல்லிகைப் பூவை மேடத்துக்கு எப்படி வைப்பது என்று யோசித்த அஞ்சலையம்மா, கடைசியில் அதை போனின் தலையில் சுற்றினார். அக்காவோ குங்குமத்தைத் தேடினார்.

பூவுக்கு நடுவிலிருந்து மேடத்தின் குரல் வந்தது. "காசி, வாயத் தொறங்க. நாக்கத் தூக்குங்க. அந்தப் பக்கம். ம், இந்தப் பக்கம்."

"அடியேய்! மாட்டுக்குத்தான்டி பல்லப் புடிச்சுப் பாப்பாங்க, மாப்பிள்ளைக்குமா?" என்று அக்கா அலறினார்.

"கரைஞ்சிடுச்சு. இப்ப பேசலாம் காசி" என்றார் மேடம்.

பேசலாம் என்றானபோது காசிக்குப் பேச்சு வரவில்லை. நாங்கள் நான்கு பெண்களும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எம்மா. இவங்க டாக்டர்."

"டாக்டரா!" அஞ்சலையம்மா அக்காவை ஒரு வெற்றிப் பார்வை பார்த்தார்.

"பொண்ணு இல்லம்மா. எனக்கு வைத்தியம் பாக்குறாங்க. இடுப்பு வலின்னு ஒரு மாத்திரை போட்டேன். அப்புறம் அத வுட முடியல. சும்மா சும்மா தூங்கி விழறேன்னு திட்டுவியே, அது அசதி இல்லம்மா, அந்த மாத்திரை. அத வுடறதுக்குத்தான் இங்க வரேன். ஒங்கிட்ட சொல்ல பயம்."

தட்டு சாய்ந்து ஆப்பிள் பாறையில் உருண்டு கீழே போயிற்று. யாரும் எடுக்கப் போகவில்லை. அஞ்சலையம்மா அப்படியே உட்கார்ந்தார். மகனின் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இப்ப வலிக்குதாடா?" என்றார்.

"இல்லம்மா."

பிறகு போனைப் பார்த்து, "அப்ப நீ இவனக் கட்டிக்கப் போறதில்ல" என்றார்.

"இல்லம்மா. எனக்குக் கல்யாணமாயி ரெண்டு பசங்க இருக்காங்க."

"சரி. கட்டிக்க வேணாம், கைய மட்டும் வுட்டுடாதம்மா."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, வீட்டில் மருந்து கொடுக்கும் முறையைச் சொன்னார். நாக்குக்கு அடியில் வைக்க வேண்டும், பத்து நிமிடம் பேச விடக் கூடாது, கூடவே இருந்து பார்க்க வேண்டும், மீதியைப் பூட்டி வைக்க வேண்டும்.

"பத்து நிமிஷம் இவன் வாயே தொறக்கக் கூடாதா?" அஞ்சலையம்மா முதல் தடவையாகச் சிரித்தார். "இந்த மருந்து இவ்ளோ நாளா எங்க இருந்துது?"

திங்கட்கிழமை காசி விடியும் முன்பே மண்டியில் இருந்தார். செட்டில் அவர் இடம் அப்படியே இருந்தது. வாரம் ஒரு தடவை அஞ்சலையம்மா மகனோடு பாறைக்கு வந்து மேடத்துக்குக் கணக்குச் சொல்வார். மேடத்துக்கு அவர் நெற்றி மட்டும்தான் தெரியும்.

தங்கைகளே, நான் கற்றுக்கொண்டது இதுதான். நோயாளியின் ரகசியத்தை நீங்கள் உடைக்காதீர்கள், அம்மாவே வந்து கன்னத்தைக் கிள்ளினாலும். ஆனால் வீட்டில் யாரிடம் சொல்வது என்பதை முதல் நாளே அவரோடு சேர்ந்து யோசியுங்கள். விழுப்புரத்து டாக்டரை நம் பாறைவரை கொண்டுவந்துவிடலாம். அங்கிருந்து வீட்டுக்குள் கொண்டுபோக ஒரு ஆள் வேண்டும். இன்னொன்று: வீடியோவில் வரும் லேடி டாக்டர் யாராக இருந்தாலும், கேமராவில் தாலி தெரிகிற மாதிரி உட்காரச் சொல்லுங்கள்.