செல்ஃப் அடித்தால் கிளம்பாத ஜீப்

அவசரத்துக்குக் கிளம்பாத வண்டியை முறைத்துக்கொண்டு நின்றிருக்கிறீர்களா? அப்படியென்றால் நீங்களும் நம்ம ஆள்தான். பாலக்கோட்டில் எங்க வூட்டுக்காரர் இன்ஜின் பார்ப்பார், நான் ஒயரிங் பார்ப்பேன். நல்லா ஓடுகிற வண்டியை எங்களிடம் யாரும் கொண்டுவருவதில்லை. பத்தாவதுக்கு அப்புறம் நான் படித்ததெல்லாம் ஒயர் கலர்தான்.

இந்த வருஷம் எங்களைப் படுத்தியது மாதையன் அண்ணனின் பழைய பெட்ரோல் ஜீப். விடியற்காலையில் கூலிக்காரப் பொம்பளைங்களைத் தோட்டத்துக்கும், அப்புறம் தக்காளியை மண்டிக்கும் ஏற்றுகிற வண்டி. பெட்ரோலைக் காற்றில் கலக்குகிற கார்ப்பரேட்டரைக் கழற்றிவிட்டு, ஒரு கம்ப்யூட்டர் பெட்டி பெட்ரோலை அளந்து பீய்ச்சுகிற கிட் மாட்டினோம். ஒயர் உட்பட எங்க வூட்டுக்காரரே மாட்டிய முதல் கிட். ஓட ஆரம்பித்தால் வெண்ணெய் மாதிரி போகும். ஆரம்பிப்பதுதான் பெரும்பாடு.

கால் செய்த வேலை

பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். அண்ணன் ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்துக்கொண்டு சாவியைத் திருகினார். கார்ப்பரேட்டர் காலத்துப் பழக்கம். இந்தப் பெட்டிக்கோ அதற்கு அர்த்தமே வேறு: உள்ளே பெட்ரோல் அதிகமாயிடுச்சு, நிறுத்து. அதுவும் நிறுத்திவிடும். என் மகள்கூட அவ்வளவு சொன்ன பேச்சு கேட்கமாட்டாள்.

காலை எடுங்கண்ணா என்றேன். எடுப்பார், சாவி திரும்பியதும் கால் தானாக இறங்கிவிடும். கடைசியில் சீட்டிலேயே சம்மணம் போட வைத்தேன். சாவியை விடுகிற நேரத்தில் ஒரு உதறலோடு இன்ஜின் பிடித்தது. அண்ணன் காலையே பார்த்தார்: "முப்பது வருஷமா மிதிச்ச காலு தங்கச்சி, நாஞ் சொன்னா எங்க கேக்குது?"

ஏழு பேர் தள்ளியது

மறுநாள் விடியற்காலையில் சம்மணம் போட்டும் கிளம்பவில்லை. தக்காளி பறிக்கப் போகிற பொம்பளைங்க ஏழு பேர் இறங்கித் தள்ளினார்களாம். மண்டிக்குப் போவதற்குள் ஏலம் முடிந்துவிட்டது. இந்தக் கிட்டைக் கழற்றினால் இனி ஒருத்தரும் நம்மிடம் மாட்ட வரமாட்டார்கள் என்று எங்க வூட்டுக்காரர் சோறு இறங்காமல் உட்கார்ந்துவிட்டார். போனில் அண்ணன் கோபப்படவே இல்லை, அதுதான் எனக்குப் பயம்: "நாளைக்கும் இப்படினா பழசையே மாட்டிக் குடுத்துருங்க. நான் பொறுப்பேன், தக்காளி பொறுக்காது."

சாமி லைட்

குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கும்போதே தொட்டுப் பார்க்கணும். வண்டியும் அப்படித்தான், ஆறிக் கிடக்கும்போதே பார்க்கணும். மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு, விடிவதற்குள் பாப்பாரப்பட்டி பக்கத்தில் அண்ணன் வீட்டுக்கே போனோம்.

அண்ணன் செல்ஃப் அடித்தார். ஜீப் டேஷ்போர்டில் முருகன் படத்துக்கு மேலே இருந்த சிவப்பு லைட் அணைந்தது; சாவியை விட்டதும் எரிந்தது. கேட்டால், செல்ஃப் அடிச்சா சாமி கண்ணை மூடிக்கும், எப்பவும் அப்படித்தான் என்றார். பெட்டிக்குக் கரண்ட் எங்கே எடுத்தீங்க என்று எங்க வூட்டுக்காரரைக் கேட்டேன். அவர் மெதுவாக முருகனைப் பார்த்தார். கைக்குக் கிடைத்தது என்று அந்த லைட் ஒயரிலேயே சேர்த்திருக்கிறார். சாமி கண்ணை மூடும்போதெல்லாம் பெட்டியும் தூங்கியிருக்கிறது. இன்ஜின் சூடாக இருந்த அன்றைக்கு மட்டும், சாவியை விட்டதும் விழித்துக்கொண்டு பிடித்திருக்கிறது.

செல்ஃப் அடிக்கும்போதும் கரண்ட் விடாமல் வருகிற ஒயருக்கு மாற்றினேன். திருகியதும் பிடித்துக்கொண்டது. கிட்டைக் கழற்றுகிற பேச்சே போய்விட்டது. அண்ணன் படத்தைத் தொட்டுக் கும்பிட்டார்: "நாலு நாளா இவரைத்தான் திட்டிட்டிருந்தேன் தங்கச்சி."

அடுத்த புகார்

ஒரு வாரம் கழித்து, ஜீப் தள்ளியவர்களில் ஒருத்தரான காவேரி அக்கா சந்தையில் என் கையைப் பிடித்துக்கொண்டார். கார்ப்பரேட்டர் இருந்தவரை அந்த ஜீப் கிளம்பப் பத்து நிமிஷம் கத்துமாம். அந்தச் சத்தத்தில்தான் தெருவே எழுந்து, சோறு கட்டிக்கொண்டு ஓடிவரும். இப்போது சத்தம் கேட்பதற்குள் வண்டி போய்விடுகிறது. அக்காவுக்கு இரண்டு நாள் வேலை போச்சு. ஒரு வண்டியைச் சரி செய்தால் ஒரு வீட்டில் கும்பிடுவார்கள், ஒரு தெருவே திட்டும், இதுதான் எங்க தொழில்.

"முன்ன மாதிரி கொஞ்ச நேரம் கத்தவிட்டுக் குடு கண்ணு, நாங்க தலை சீவிக்கற வரைக்குமாச்சும்."