கண் தெரியும் தண்ணீர்

என் கணவர் வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில் முக்குளிப்பவர். கப்பல்களுக்கு அடியில் இறங்கிப் பாசி சுரண்டுவதும், வெல்டிங் வைப்பதும் அவர் வேலை. நான் பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநர். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மே மாதம் அவருக்கு லீவு. வந்தால் பாதி நாட்கள் தூங்குவார். மீதி நாட்கள் கடற்கரையில் இருக்கும் அவருடைய ஊருக்குப் போய்விடுவார். சண்டை எதுவும் கிடையாது. பேச்சும் கிடையாது. அவர் வீட்டில் இருக்கும்போதே நான் தனியாகச் சாப்பிட்டு எழுந்ததுண்டு.

போன கோடைக்கு முன்பு, வரப்போகிற லீவில் இரண்டு பேரும் ஸ்கூபா டைவிங் போவது என்று நானே முடிவு செய்தேன். வருடத்தில் பெரும்பகுதி அவர் எதற்குள் இருக்கிறாரோ, அதை ஒரு முறையாவது அவரோடு சேர்ந்து பார்க்க ஆசை. கடை முடிந்து வந்ததும் தோசையைப் பிய்த்துக்கொண்டே போனில் இடம் தேடுவேன். ‘தம்பதிகளுக்கு ஏற்றவை’ என்று எவ்வளவோ வந்தன. எல்லாப் படங்களிலும் இரண்டு பேர் கை கோத்துக்கொண்டு மிதந்தார்கள். மாலத்தீவில் அந்த மாதம் மழை பிடித்துவிடும் என்றார்கள். லட்சத்தீவுக்கு அனுமதி வாங்க வேண்டும். அவர் லீவு உறுதியாவதே கடைசி வாரத்தில்தான். ராமேஸ்வரம் பக்கமென்றால் ஒரே பகலில் பஸ்ஸில் போய்விடலாம். ஆனால் அது அவருக்கு ஊருக்குப் போவது போல ஆகிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடமே கேட்டேன்.

“ஏங்க, எந்தத் தண்ணி நல்லாயிருக்கும்?”

“எல்லாத் தண்ணியும் ஒண்ணுதான்.”

“மீனெல்லாம் நிறைய இருக்க மாதிரி?”

சிரித்தார். “மீனா? நான் இறங்குத இடத்துல கைய நீட்டுனா கையே தெரியாது பிள்ள. எல்லாம் தடவித் தடவித்தான்.”

போனை வைத்த பிறகும் எனக்கு அது தீரவில்லை. அத்தனை வருடமும் வண்ண மீன்களுக்கு நடுவில்தான் அவரை நினைத்து வைத்திருந்தேன்.

அன்றிலிருந்து இடம் தேடுவது எளிதாகிவிட்டது. விசாரித்த எல்லா இடத்திலும் ஒன்றே ஒன்றைக் கேட்டேன்: தண்ணீருக்குள் எவ்வளவு தூரம் கண் தெரியும்? அந்தமானில் ஒரு தீவு. மே மாதத் தொடக்கத்தில், காற்று எழும்புவதற்குள் வந்தால் கண்ணாடி மாதிரி இருக்கும் என்றார் அங்கே டைவிங் சொல்லித்தரும் தமிழர். “சாருக்குத் தண்ணி பயம் இருக்கா மேடம்?” என்று கேட்டார். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

நான் விக்கிரமசிங்கபுரத்துக்காரி. ஆற்றில் பழகிய நீச்சல். இருந்தாலும் விடுமுறை நாட்களில் ஆற்றில் குறுக்குத்துறைப் படித்துறைக்குப் போய் இடுப்பளவு தண்ணீரில் மூச்சடக்கிப் பார்த்துக்கொண்டேன். துணி துவைத்தவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

அவர் வந்தார். “என்னத்துக்குடி லீவுலயும் தண்ணி?” என்றார். அதற்கு மேல் மறுக்கவில்லை. சென்னைக்கு ரயில், அங்கிருந்து விமானம், பிறகு கப்பல். தீவின் கரையோரத் தண்ணீரில் நிற்கும்போதே காலடி மணல் தெரிந்தது.

படகில் போய் இறங்கினோம். புதியவள் என்பதால் பயிற்றுநர் என்னைப் பிடித்துக்கொண்டார். என் கணவரோடு இன்னொரு பயிற்றுநர் வந்தார். கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போனதும் பவளப்பாறை முடிந்து, ஒரு சரிவு நீலமாக இறங்கிக்கொண்டே போனது. மஞ்சள் மீன்கள் கூட்டமாக எங்களைக் கடந்தன. நான் திரும்பி அவரைப் பார்த்தேன். அவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி அவர் என்னைப் பார்த்து எத்தனையோ காலம். பெருவிரலை உயர்த்திக் காட்டினார். பிரமாதம் என்கிறார் என்று நினைத்து, நானும் சந்தோஷமாகப் பெருவிரலை உயர்த்தினேன்.

தண்ணீருக்குள் அதற்கு அர்த்தம் வேறு. மேலே போக வேண்டும் என்பது. கரையில் சொல்லித் தந்திருந்தார்கள்; அந்த நேரத்தில் எனக்கு ஞாபகமே வரவில்லை. பயிற்றுநர் என் கையைக் கீழே இறக்கிவிட்டு, சரியா என்று சைகையில் கேட்டார். சரி என்றேன். சற்று நேரத்தில் பாறை இடுக்கிலிருந்து ஓர் ஆமை வந்தது. அவருக்குக் காட்டத் திரும்பினேன். அங்கே யாரும் இல்லை.

படகில் ஏறியபோது துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “காதடைப்பு” என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.

சாயங்காலம் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். அவராகவே ஆரம்பித்தார்.

“காதுல ஒண்ணுமில்ல. பயந்துட்டேன்.”

நாற்காலியை அவர் பக்கம் திருப்பினேன்.

“அங்கன ஒண்ணும் தெரியாதுல்லா. கையில படுத இரும்பு மட்டுந்தான் இருக்குன்னு நெனச்சுக்கிடுவேன். இங்க எல்லாம் தெரியுது. கீழ போய்க்கிட்டே இருக்கு. இத்தன வருஷமா இதுக்குள்ளயா கிடந்தேன்னு ஆயிட்டு.”

கையைப் பிடிக்கலாமா என்று யோசித்தேன். அவர் எழுந்துவிட்டார். “நீ நாளைக்கும் போ பிள்ள. நான் போட்ல இருக்கேன்.”

போனேன். அடியிலிருந்து அண்ணாந்து பார்த்தபோது படகின் வயிறு தெரிந்தது. அதில் அவர் இருக்கிறார் என்று தெரியும். மீன்களைவிட அதைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே வந்ததும் கை கொடுத்துத் தூக்கினார்.

“என்ன பாத்த?”

“ஆமை.”

“பெருசா?”

“பெருசுதான்.”

என் முதுகிலிருந்த சிலிண்டரைக் கழற்றி வைத்தார்.

லீவு முடிந்து அவர் கிளம்பினார். அவர் வேலையை விடவில்லை. விடச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. முன்பெல்லாம் “இன்னைக்கு இறங்கணும்” என்று அவர் போனில் சொன்னால் சரி என்று வைத்துவிடுவேன். இப்போது “ஏறினதும் ஒரு வார்த்தை சொல்லுங்க” என்கிறேன். ஏறியதும் கூப்பிட்டு “ஏறிட்டேன்” என்கிறார். அவ்வளவுதான். சீட்டோடு யாராவது மருந்துக்கு நிற்பார்கள். போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு மாத்திரை எடுக்கப் போவேன்.