சுத்த நீரில் வந்த வெள்ளிப் பல்

இது கதை இல்லை. என் சகலைக்கு நடந்தது, அதுவும் பட்டப்பகலில். புளுகுகிறேன் என்று நினைப்பவர்கள் இத்தோடு எழுந்து போகலாம்.

சாயக் கழிவுநீரை நானோ சவ்வு வைத்த குழாய்களில் அழுத்தி வடிகட்டும் ஆலை அது. ஒரு பக்கம் கன்னங்கரேலென்று போகும் தண்ணீர், மறுபக்கம் கண்ணாடி மாதிரி வரும். அந்தச் சவ்வின் துளையில் சாயமே நுழையாது. அங்கே வேலை பார்த்த சகலையின் அண்ணன் திடீரென்று காணாமல் போனார். "எவளையோ இழுத்துக்கிட்டு ஓடிட்டான்" என்று சூப்பர்வைசர் ஊரெல்லாம் சொன்னான். அண்ணி நம்பவில்லை. சகலைக்கும் மனசு ஆறவில்லை. அண்ணன் எங்கே என்று தெரிந்தே ஆகவேண்டும் என்று அதே வேலையில் போய்ச் சேர்ந்தான்.

ஒரு நாள் மதியம் 2.40. சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்க, சகலை சுத்த நீர்க் குழாயில் ஒரு தம்ளர் பிடித்தான். உள்ளே ஒரு முடி.

கொட்டிவிட்டு மறுபடி பிடித்தான். கொத்தாக முடி...

"சவ்வு கிழிஞ்சிருச்சா சார்?"

"புதுசுடா அது. தம்ளரக் கழுவு."

கழுவினான். பிடித்தான்.

டிங்.

தம்ளர் அடியில் ஒரு பல். வெள்ளி கட்டிய பல். அண்ணன் சிரித்தால் பளிச்சென்று தெரியுமே, அதே பல்! சகலை அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

சூப்பர்வைசர் கையை நீட்டினான்.

"அத இப்படிக் குடு."

"எங்கண்ணன் பல்லு இது. அவர என்னடா பண்ணின?"

பதிலுக்கு ஸ்பேனர்தான் வந்தது. மண்டை பிளந்தது. கண்ணெல்லாம் ரத்தம். சட்டையைப் பிடித்துக் கசடுத் தொட்டிக்குத் தரதரவென்று இழுத்தான்.

"அவன் பக்கத்துலயே கெட!"

சகலையின் தலை தொட்டி விளிம்பைத் தாண்டியது...

டம்.

வடிகட்டும் குழாய்க்குள்ளிருந்து.

டம். டம்.

சூப்பர்வைசர் அவனை விட்டுவிட்டு ஓடி மோட்டாரை நிறுத்தினான். பிரஷர் முள் இறங்கவில்லை. ஏறியது...

குழாய் மூடிக்கு நேரே குனிந்தான்.

"யார்ரா உள்ள?"

டமார்!

பறந்த மூடி அவன் தாடையைப் பெயர்த்துக்கொண்டு போனது.

போலீஸ் வந்து தொட்டியை வற்றவைத்தபோது அடிக் கசட்டில் அண்ணன் கிடந்தார். சூப்பர்வைசர் வடிகட்டாமலே கழிவை ஆற்றில் திறந்துவிட்டதைத் தட்டிக் கேட்டாராம், பாவி அதற்காக அடித்தே கொன்றிருக்கிறான். சவ்வையும் சோதித்தார்கள். ஊசிமுனைக் கிழிசல்கூட இல்லை.

அண்ணனைப் பரிசோதித்த டாக்டர் சொன்னார்: "பல்லு ஒண்ணுகூட விழலியே. வெள்ளிப் பல்லும் அப்படியேதான் இருக்கு."

சகலை சட்டைப் பையில் கைவிட்டான். பல் இல்லை. ஈரம்தான் இருந்தது.

அண்ணி அந்தச் சட்டையைத் துவைத்து வெயிலில் போட்டார். சட்டை அன்றைக்கே காய்ந்துவிட்டது. பை மட்டும் இன்னும் காயவில்லை.