கஞ்சிக் கடைக்கு எழுதிய விமர்சனம்

என் மனைவி சாவகச்சேரி ஆஸ்பத்திரியில் இருந்தபோது எதையும் விழுங்க முடியாமல் தவித்தாள். அருகில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த அக்கா, நான் கேட்காமலே பால்கஞ்சியை மசித்து, துணியில் வடித்துத் தந்தார். அவள் கடைசியாக விரும்பிக் குடித்தது அதைத்தான்.

செத்தவீடு முடிந்து ஒரு மாதத்தில், கைபேசி வரைபடத்தில் அந்தக் கடையைத் தேடி ஐந்து நட்சத்திரம் போட்டேன். விழுங்க முடியாத நோயாளிகளுக்கு இங்கே கஞ்சி வடித்துத் தருவார்கள் என்று எழுதினேன். அவள் இறந்ததை எழுதக் கை வரவில்லை.

நெடுநாள் கழித்துத்தான் அந்தப் பக்கம் போக மனம் வந்தது. அக்கா என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"தம்பி, உங்கடை படத்தோடை நீங்கள் எழுதினதைப் போனிலை பாத்திட்டுச் சனம் கஞ்சி கேட்டு வருது. இப்ப ஒவ்வொரு நாளும் வடிக்கிறன். உங்கடை மனுசி எப்பிடி இருக்கிறா?"

"அவ மோசம் போட்டா, அக்கா. இஞ்சை கஞ்சி வாங்கின மூண்டாம் நாள்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்போது ஒரு பெண் தன் தகப்பனுக்குக் கஞ்சி கேட்டு வந்தாள். அக்கா உள்ளே போனார். நான் கடை வாசல் வாங்குப் பலகையில் உட்கார்ந்து, ஆட்கள் பார்ப்பதையும் பாராமல் அழுதேன். மனைவி போனபின் நான் அழுதது அன்றைக்குத்தான்.